அக்காவை மலையில் விட்டுவிட்டு வந்தோம்

1

போன வாரம் கார்த்திக்கிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. சென்னையில், அடையாறில் கூடிக் கிளம்பும் ஒரு மலையேற்றக் குழுவின் தலைவன் அவன். முப்பத்து நாலு வயதிருக்கும். வேளச்சேரியில் வீடு, கம்ப்யூட்டர் வேலை.

"சார், உங்க ஜூரிக் கிளப்ல எப்படிப் பண்றாங்கன்னு நம்ம ஆளுங்களுக்கு ஒரு பத்து டிப்ஸ் எழுதிக் குடுங்க சார். தமிழ்லயே எழுதுங்க. குரூப்ல போட்டுடறேன். மல்லிகாக்கா மேட்டருக்கு அப்புறம் நாலு பேர் கேக்கறாங்க."

நான் அப்போது வேலைக்குப் போகும் ரயிலில் இருந்தேன். இந்த ஊர் ரயிலில் யாரும் குரலை உயர்த்த மாட்டார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மேட்டராம். டிப்ஸாம். என் அக்கா மல்லிகா ஐம்பத்தாறு வயதில், குரல் போகும்வரை கத்திக்கொண்டு, நாலு மணி நேரம் தனியாக ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பெயர் மேட்டர்.

சரி, எழுதுகிறேன். ஆனால் பத்து வரியில் முடியாது. நடந்ததைச் சொல்லாமல் விதியை மட்டும் சொன்னால் ஒருவரும் மதிக்க மாட்டார்கள். நான் மதிக்கவில்லையே.

2

அம்மாவின் முதல் வருஷத் திதிக்காக நானும் என் மகள் மீராவும் சென்னை போயிருந்தோம். மயிலாப்பூரில் வடக்கு மாட வீதிக்குப் பின்னால், இரண்டாவது மாடியில், லிஃப்ட் இல்லாத பழைய ஃபிளாட். அம்மா படுக்கையில் கிடந்த பதினோரு வருடமும் அக்காதான் பார்த்துக்கொண்டாள். ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை, வேலை விட்டால் வீடு. நான் ஜூரிக்கிலிருந்து பணம் அனுப்பினேன், ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் முகம் காட்டினேன். அம்மா போன பிறகு அக்கா வேலையையும் விட்டுவிட்டாள். மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரி சொன்னதைக் கேட்டு இந்த மலையேற்றக் குழுவில் சேர்ந்தாள்.

அதைப் போனில் சொல்லும்போது அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. ஷூ வாங்க பாண்டி பஜார் போயிருக்கிறாள். "மலை ஏறணும், நல்ல கிரிப்பா ஒண்ணு காட்டுங்க" என்றாளாம். கடைப் பையன் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "லேடீஸ்ல அதெல்லாம் வராதும்மா" என்றானாம். கடைசியில் பள்ளிப் பிள்ளைகள் வரிசையில், ஆரஞ்சுக் கோடு போட்ட ஒரு ஜோடி அவள் காலுக்குச் சரியாக இருந்தது. புது ஷூவோடு நேரே மலைக்குப் போனால் கால் கொப்புளித்துவிடும், ஒரு வாரமாவது போட்டு நடந்து பழக்கு என்று மீரா இங்கிருந்து சொல்லிக் கொடுத்தாள். அக்கா அதை அப்படியே செய்தாள். புடவையும் ஆரஞ்சு ஷூவுமாக நாலு மாட வீதியையும் தினம் சுற்றினாள். குளத்தோரம் பூ விற்கிறவள், "இன்னாக்கா, ஸ்கூலுக்குக் கெளம்பிட்டியா?" என்று கேட்டாளாம்.

மீராவுக்குப் பதினாறு வயது. நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். அத்தையிடம் மட்டும் தமிழ். வேற்றுமை உருபுகளைப் பாதி விழுங்கிவிட்டுப் பேசுவாள், அத்தைக்கு அது போதும். நாங்கள் சென்னைக்கு வருகிறோம் என்றதுமே அக்கா மூவர் பெயரையும் குழுவில் கொடுத்துவிட்டாள். "மீராவ நான் மலைக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள். நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அவள் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

3

இங்கே ஜூரிக் பக்கம் நான் ஒன்பது வருடமாக ஒரு நடைக் கிளப்பில் இருக்கிறேன். சேர்ந்த புதிதில் வழி இறக்கத்தில் தலைவர் என்னைப் பார்த்து ஏதோ கத்தினார். அதில் 'ஷ்ப்ரிங்கே' என்ற ஒரு சொல் மட்டும் புரிந்தது. நான் வகுப்பில் படித்த ஜெர்மனில் அதற்குக் குதிப்பது என்று பொருள். நான் எங்கே குதித்தேன் என்று விழித்துக்கொண்டே வேகமாக இறங்கினேன். இந்த ஊர்ப் பேச்சில் அதற்கு ஓடுவது என்று அர்த்தமாம். ஓடாதே என்று சொல்லியிருக்கிறார். சரளைக் கல்லில் சறுக்கி விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்ட பிறகு, மொத்தக் கூட்டமும் எனக்காக இருபது நிமிடம் நின்றது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. மெதுவாகப் போகிறவரின் வேகம்தான் குழுவின் வேகம்.

இங்கே கடைசியில் வருவதற்கென்றே ஓர் ஆள் உண்டு. எங்கள் குழுவில் அது ஓய்வுபெற்ற ஒரு தபால்காரப் பெண்மணி. அவரைத் தாண்டி ஒருவரும் பின்தங்க முடியாது, அது தலைவருக்கே நடந்தாலும் சரி. யாராவது ஒதுங்கவேண்டியிருந்தால் முதுகுப்பையைக் கழற்றிப் பாதையோரம் வைத்துவிட்டுப் போகவேண்டும். பை கிடந்தால் ஆள் பக்கத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். தபால்காரப் பெண்மணி அந்தப் பைக்குப் பக்கத்தில் நின்று, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு காத்திருப்பார். எவ்வளவு எளிய விஷயம் பாருங்கள். ஒரு பை. என் அக்காவுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. அவளோடு ஒரே வீட்டில் ஒரு வாரம் இருந்த நானும் சொல்லவில்லை.

எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். இந்த விதிகள் அத்தனையும் எனக்கு மனப்பாடம். சட்டை போட்டுக்கொள்வது போல இங்கே போட்டுக்கொள்கிறேன். மீனம்பாக்கத்தில் இறங்கியதும் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுகிறேன்.

4

கிளம்புவதற்கு முதல் நாள் மாலை அடையாறில் ஒரு காப்பிக் கடையில் எல்லோரும் அடையாள அட்டை நகல் கொடுத்தோம். ஆந்திர எல்லைக்கு அப்பால் இருக்கிற ஒரு காட்டு மலை அது. அடிவாரச் சோதனைச் சாவடியில் பெயர்ப் பட்டியல் காட்டவேண்டும். எனக்கு இன்னும் இந்திய பாஸ்போர்ட்தான். இங்கே குடியுரிமைக்கு எழுதிப் போட வேண்டிய காகிதங்களை நினைத்தே தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன். மீரா வாங்கிவிட்டாள். கார்த்திக் அவளுடைய சிவப்பு பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"சார், ஃபாரின் பாஸ்போர்ட்னா தனியா பர்மிஷன் லெட்டர் வாங்கணும். அதுக்கெல்லாம் இப்ப டைம் இல்ல. பேர லிஸ்ட்லேர்ந்து தூக்கிடறேன். சாவடில பேப்பர்தான் பாப்பாங்க, தலைய எண்ண மாட்டாங்க."

"பிரச்சினை ஒண்ணும் வராதே?"

"நான் பாத்துக்கறேன் சார்."

நானும் சரி என்று தலையாட்டினேன். கடிதம் இல்லையென்றால் அவள் வரமுடியாது, அக்காவின் முகம் வாடிவிடும், மீரா மூன்று நாள் என்னோடு பேச மாட்டாள். இதையெல்லாம் யோசித்தேன். பட்டியல் எதற்கு என்று மட்டும் யோசிக்கவில்லை. சாவடிக்காரருக்காக என்று நினைத்தேன். மலையிலிருந்து இறங்கி வரும்போது எத்தனை பேர் இருக்கவேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் பட்டியல்.

பட்டியலில் இருபத்திரண்டு பேர். ஏறியது இருபத்து மூன்று பேர்.

கார்த்திக், உன் குரூப்பில் முதலில் இதைப் போடு: வருகிறவர் பெயர் பட்டியலில் இருக்கவேண்டும். இருக்க முடியாதென்றால் அவர் வரக்கூடாது. இறங்கியதும் தலையை எண்ணாதே, பெயரைக் கூப்பிடு. பெயருக்கு உரியவர் வாயைத் திறந்து 'இருக்கேன்' என்று சொல்லவேண்டும்.

5

விடியற்காலையில் இரண்டு வேன்கள் கிளம்பின. எங்கள் வேனை ஓட்டியவர் யூசுப் பாய், ராயப்பேட்டைக்காரர். அக்கா ஒரு டப்பா நிறைய மிளகாய்ப்பொடி தடவிய இட்லி கொண்டுவந்திருந்தாள். முதலில் அவருக்குத்தான் கொடுத்தாள். "ஓட்றவர் பசியா இருக்கக் கூடாது" என்றாள்.

ஏறும்போது ஒரு குறையும் இல்லை. அக்கா பச்சைத் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, மீராவுக்குச் சமமாக ஏறினாள். மேலே ஒரு சுனையில் எல்லோரும் காலை நனைத்தோம். கார்த்திக் நூறு படமாவது எடுத்திருப்பான்.

குழப்பமெல்லாம் இறங்கும்போதுதான். வெயில் ஏறிவிட்டது, வேன்காரர்கள் காத்திருக்கிறார்கள் என்று அவசரம். "லாஸ்ட்ல யாராவது வாங்கப்பா" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு கார்த்திக் முன்னால் போய்விட்டான். யாராவது என்றால் யாரும் இல்லை என்றுதான் அர்த்தம். நானும் மீராவும் நடுவில் இறங்கிக்கொண்டிருந்தோம். அக்கா பின்னால், அவளுக்குப் புதிதாகப் பழக்கமான இரண்டு பெண்களோடு பேசிக்கொண்டு வந்தாள்.

காலை ஐந்து மணியிலிருந்து அக்கா ஒதுங்கப் போகவில்லை. கார்த்திக்கிடம் எப்படிச் சொல்வது? உடன் வந்த பெண்களிடம், "நீங்க நடங்க, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் புதருக்குப் பின்னால் போயிருக்கிறாள். பாதையிலிருந்து யாருக்கும் தெரியக்கூடாதென்று நன்றாகவே உள்ளே போயிருக்கிறாள், தோளில் பையோடு. திரும்பி வந்தபோது ஒருவரும் இல்லை. கொஞ்ச தூரத்தில் காய்ந்துபோன ஓர் ஓடையும் பாதையும் ஒன்றாகச் சேர்கின்றன. எது எது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கீழே கார்த்திக் இரண்டு வேன்களுக்கும் நடுவில் நின்று, ஏற ஏறத் தலைகளை எண்ணினான். "இருபத்தி ரெண்டு. ஓகே, கெளம்பலாம்!"

அதை நான் கேட்டேன். அவன் மறந்திருக்கலாம். இருபத்து மூன்று என்று எனக்குத் தெரியும். நான் ஜன்னலோரம் பிடித்த சந்தோஷத்தில் ஷூ நாடாவைத் தளர்த்திக்கொண்டிருந்தேன்.

"அந்த இட்லிம்மா வரல?" என்று யூசுப் பாய் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்.

"ஃபிரெண்ட்ஸோட அடுத்த வண்டில ஏறியிருப்பாங்க பாய்" என்றேன்.

பத்து நிமிடம் போயிருக்கும். மீரா என் தோளைத் தொட்டாள். "அப்பா, அத்தை விட்டுட்டாங்களா?"

இதை எழுதக் கை கூசுகிறது. நான் அவளுடைய இலக்கணத்தைத் திருத்தினேன். "அத்தை விட்டுட்டாங்களான்னா, அத்தை எதையோ விட்டுட்டாங்கன்னு அர்த்தம்மா. அத்தையை விட்டுட்டாங்களான்னு சொல்லணும். 'ஐ' முக்கியம்." முன் சீட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "விடல, பின்னாடி வண்டில வர்றாங்க."

"நீ பாத்தியா?"

அவள் அத்தையின் எண்ணுக்கு அடித்துக்கொண்டே இருந்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு தெலுங்குக் குரல் திரும்பத் திரும்பச் சொன்னது.

6

அரை மணி நேரம் கழித்து நெடுஞ்சாலையில் ஒரு டீக்கடையில் வேன்கள் நின்றன. அடுத்த வேனின் கதவு திறந்தது. அக்காவோடு பேசிக்கொண்டு வந்த பெண்கள் இருவரும் இறங்கினார்கள். மீரா அவர்களைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவங்க உங்க வண்டிலதானே?" என்றாள் ஒரு பெண்.

கார்த்திக் கையிலிருந்த காகிதத்தை எடுத்து மறுபடி எண்ண ஆரம்பித்தான். "எனக்கு டேலி ஆகுதே சார்..." என்றான். டேலி ஆகிறதாம்! அவன் கையிலிருந்து அந்தக் காகிதத்தைப் பிடுங்கினேன். பிடுங்கி என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

யாரோ சாவடிக்குப் போன் பண்ணலாம் என்றார்கள். யாரோ நாளைக்கு ஆபீஸ் இருக்கிறது என்றார்கள். யூசுப் பாய் டீயைக் கீழே ஊற்றிவிட்டு வண்டியில் ஏறினார்.

"பொம்பள ஒருத்திய மலைல உட்டுட்டு வந்துகினு கீறீங்க, இன்னா பேச்சு பேசினுகீறீங்க? வர்றவன் ஏறு. மத்தவன்லாம் அந்த வண்டில போ."

நான், மீரா, கார்த்திக் மூவரும் ஏறினோம். அவர் ஓட்டிய வேகத்தில் வேன் ஆடியது. அடிவாரத்தில் வேனைப் பூட்டிவிட்டுச் செருப்புக் காலோடு அவரும் எங்களோடு ஏறினார்.

மீராவின் பையில் ஒரு விசில் இருக்கும். இங்கே பள்ளி நாளிலிருந்தே சொல்லிக் கொடுக்கிறார்கள்: ஒரு நிமிடத்துக்கு ஆறு முறை ஊது, பிறகு ஒரு நிமிடம் சும்மா இருந்து கேள். கார்த்திக் இடைவிடாமல் "அக்கா! அக்கா!" என்று கத்தினான். மீரா அவன் கையைப் பிடித்து, "சும்மா இருங்க. அவங்க சத்தம் கேக்கணும்" என்றாள். அந்த வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை.

நாலாவது தடவை ஊதியபோது டங், டங் என்று ஒரு சத்தம் வந்தது. ஓடைப் பக்கம் ஓடினோம். ஒரு மரக்கிளையில் பச்சைத் துப்பட்டா கட்டியிருந்தது. அதற்குக் கீழே, நிழல் விழும் பாறையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். காலி எவர்சில்வர் பாட்டிலைப் பாறையில் அடித்துக்கொண்டிருந்தாள். உதடு வெடித்திருந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது.

வழி தெரியவில்லை என்றால் அலையக் கூடாது, இருக்கும் இடத்திலேயே இருக்கவேண்டும், கண்ணில் படுகிற மாதிரி ஒன்றைக் கட்டி வைக்கவேண்டும். எங்கள் கிளப்பில் இதற்கு ஒரு முழு நாள் வகுப்பு நடத்துகிறார்கள். என் அக்கா அதைத் தானாகவே செய்திருந்தாள். அன்றைக்கு அந்த மலையில் சரியாக நடந்துகொண்டவர்கள் அவளும் மீராவும் ஒரு வேன் ஓட்டுநரும்தான்.

மீரா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். அக்கா அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். கார்த்திக் மூச்சு வாங்க வந்து நின்று, "என்னக்கா, சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதா?" என்றான்.

நான் அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். யூசுப் பாய் எங்கள் நடுவில் கையை விட்டு விலக்கினார். "சண்டைய கீழ போய் போட்டுக்கலாம். மொதல்ல தண்ணி குடு அந்தம்மாவுக்கு."

7

மறுநாள் காலை குரூப்பில் ஒரு செய்தி. "நேற்று ஒரு சின்ன கன்ஃப்யூஷன். ஆல் ஈஸ் வெல். இனிமேல் பாதையை விட்டு விலகும்போது லீடரிடம் சொல்லவும். லேடீஸ் ஒத்துழைக்கவும்." அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். பிறகு சுனையில் எடுத்த படங்கள். ஒன்றில் அக்கா சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

இரண்டு நாள் கழித்து கார்த்திக் ஒரு கிலோ ஸ்வீட் டப்பாவோடு மயிலாப்பூர் வீட்டுக்கு வந்தான். நான் அவனை உட்காரச் சொல்லவில்லை. புகார் கொடுக்கப் போகிறேன் என்றேன்.

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "குடுங்க சார். ஆனா கம்ப்ளெயின்ட்னு போனா, பர்மிஷன் இல்லாம மீரா உள்ள வந்ததும் வெளிய வரும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

இருபது வருடமாக ஓர் ஒழுங்கான ஊரில் இருக்கிறேன் என்கிற திமிரெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் இறங்கிவிட்டது. அக்கா சமையலறையிலிருந்து வந்தாள். குரல் அப்போதும் சரியாகவில்லை, கீறலாகத்தான் வந்தது.

"தம்பி, அன்னிக்கு எத்தன பொம்பளைங்க வந்தோம்?"

"ஒம்பது பேர்க்கா."

"காலைல அஞ்சு மணிலேர்ந்து எத்தன தடவ நிறுத்தின, நாங்க ஒதுங்கறதுக்கு?"

அவன் ஸ்வீட் டப்பாவைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டான்.

"ஃபோட்டோக்கு எத்தன தடவ நிறுத்தின?"

கார்த்திக், இதையும் குரூப்பில் போடு. கிளம்பும்போதே உரக்கச் சொல்: இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் நிற்போம், பெண்கள் இந்தப் பக்கம், ஆண்கள் அந்தப் பக்கம், எல்லோரும் வந்து பெயர் சொன்ன பிறகுதான் கிளம்புவோம். வெட்கப்பட்டு அவள் வந்து உன்னிடம் சொல்லட்டும் என்று காத்திருக்காதே. சொல்லவேண்டியது நீ.

அவன் போன பிறகு நான் வீடு முழுக்க நடந்து நடந்து கத்தினேன். பொறுப்பில்லாதவன், திமிர் பிடித்தவன், இந்த ஊரே இப்படித்தான், எங்கள் ஊரில் இப்படி ஒருவன் செய்தால் என்ன ஆகும் தெரியுமா என்றெல்லாம். 'எங்கள் ஊர்' என்று நான் ஜூரிக்கைச் சொன்னது அப்போது எனக்கே உறைக்கவில்லை.

"போதும் சேகர்" என்றாள் அக்கா.

நிறுத்தினேன்.

"அவன் எண்ணியாவது பாத்தான். நீ அதுகூடப் பண்ணல."

"அக்கா, நான் வந்து..."

"கத்திக்கிட்டே இருந்தேன். கார்த்திக் பேர ரெண்டு தடவ கூப்ட்டேன். மீதியெல்லாம் உன் பேருதான்."

அக்கா அழவில்லை. எழுந்து போய் மீராவுக்குத் தோசை ஊற்ற ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு நாலு நாள் அங்கே இருந்தேன். எனக்குச் சமைத்துப் போட்டாள், பருப்புப்பொடி இடித்துக் கட்டிக் கொடுத்தாள், விமான நிலையம்வரை வந்து மீராவைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். ஜூரிக் வந்து ஐந்து வாரம் ஆகிறது. குரல் நன்றாகத் தெளிந்துவிட்டது. ஞாயிறுதோறும் பேசுகிறாள், சாப்பிட்டாயா என்று கேட்கிறாள். அன்றைக்குப் பிறகு என் பெயரைச் சொல்லி மட்டும் அவள் இன்னும் ஒரு முறைகூடக் கூப்பிடவில்லை.